தனூஃபைப் பார்க்காமல் நிஸ்வாவிலிருந்து திரும்பாதீர்கள்

நேற்று இரவுதான் மஸ்கட் வந்து சேர்ந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஓமானின் உள்நாட்டு நகரமான நிஸ்வா போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோட்டை, சந்தை, அல்வா என்று முடித்துக்கொள்கிறார்கள். வெறும் 20 கிலோமீட்டரில் தனூஃப் என்ற இடிந்த ஊர் இருக்கிறது.

போகும் பஸ் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஜீப்தான் வயிற்றெரிச்சல். தனூஃபோடு நான் பார்க்கப் போன ஜபல் அல் அக்தர் மலைக்குக் கார் ஏறாது; பிர்க்கத் அல் மவ்ஸ் சோதனைச் சாவடியில் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம். 40 ரியால் பேசி ஏறினேன். தனூஃபில் நிறுத்த 10 ரியால் கூடுதலாகக் கேட்டார் ஓட்டுநர். மூன்று நாள் பட்ஜெட்டே 90 ரியால். சண்டை போட்டு ஆறு ரியாலுக்கு இறக்கினேன். தனூஃபுக்கு நல்ல தார்ச் சாலை, சாதாரண டாக்ஸியே போதும். நீங்கள் ஏமாறாதீர்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது. கூரையில்லாத வீடுகள், பாதி நிற்கும் கல் சுவர்கள். ஒரு சுவரில் மண் பூச்சு உதிர்ந்த இடத்தில் வைக்கோல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ மிதித்துக் குழைத்த மண். ஓர் ஊரையே இப்படி ஆக்கியது பிரிட்டிஷ் விமானப்படை.

மஸ்கட் சுல்தானோடு செய்துகொண்ட 1920 சீப் உடன்படிக்கைப்படி உள்நாட்டு ஓமான், மதத் தலைவரான இமாமின் கையில்தான் இருந்தது. எண்ணெய் தேடும் கம்பெனிக்கு அந்தப் பாலைவனம் தேவைப்பட்டது. 1955 டிசம்பரில் சுல்தான் சயீத் பின் தைமூரின் படை நிஸ்வாவைப் பிடித்தது. காகிதத்தில் மஸ்கட் சுதந்திர நாடு. படையை நடத்தியவர்களோ பிரிட்டிஷ் அதிகாரிகள். 1957இல் இமாம் காலிப் பின் அலி, அவர் தம்பி தாலிப், தனூஃபின் தலைவர் சுலைமான் பின் ஹிமியார் மூவரும் ஆயுதம் எடுத்தார்கள். விமானங்கள் வந்தன. நிஸ்வாக் கோட்டையும் அடி வாங்கியது. போராளிகள் ஜபல் அல் அக்தர் மலைக்கு ஏறிவிட்டார்கள்.

அந்த மலையில், 2000 மீட்டர் உயரத்தில், சைக் பீடபூமியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். கால் கூசியது. ஒன்றரை வருஷம் இந்தப் பாறைகள்தான் அவர்களைக் காத்தன. குண்டுவீச்சு வயல்களையும் வாய்க்கால்களையும் கூட விடவில்லை. 1959 ஜனவரியில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்பு அதிரடிப் படை இரவோடு இரவாக ஏறி வந்து பீடபூமியைப் பிடித்தது. தலைவர்கள் சவூதிக்குத் தப்பினார்கள். 1965இல் ஐ.நா. பொதுச்சபை ஓமான் மக்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்றுத் தீர்மானம் போட்டது. காலிப் நாடு கடந்தே வாழ்ந்து 2009இல் இறந்தார். இவ்வளவு நடந்த தனூஃபில், குண்டு போட்டது யார் என்று சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

அப்புறம் சாப்பாடு! நிஸ்வாவில் தரையில் உட்கார்ந்து ஷுவா சாப்பிட்டேன். மசாலா தடவிய ஆட்டுக்கறியை இலையில் சுற்றி, மண்ணுக்கடியில் நாள் கணக்கில் வேகவைப்பார்கள். எலும்பைத் தொட்டதும் கறி கழன்று வந்தது. மூன்றரை ரியால், இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு.

தனூஃபுக்குக் காலை எட்டுக்குள் போங்கள், நிழல் கிடையாது. இடிந்த ஊருக்குப் பக்கத்தில் ஃபலஜ் வாய்க்கால் இன்னும் ஓடுகிறது. நான் போனபோது இரண்டு சிறுவர்கள் அதில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் விட்டேன், ஜில்லென்று இருந்தது.