வயிற்று உள்ளுறைக் கட்டிகள்: எம்பேத் (நோயியல் முதுகலைப் பட்டம்) தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

பெரிட்டோனியம் என்ற வயிற்று உள்ளுறையில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்று குறிப்போடு சிலைடு வந்தாலே மீசோதீலியோமா (அந்த உறையின் செல்களிலேயே பிறக்கும் புற்று) என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்த உறையில் தென்படும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை அல்ல. சினைப்பை, இரைப்பை, பெருங்குடல், கணையம் என்று வேறிடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. நம் மலேசியாவில் இதோடு காசநோயையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

காசநோயைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வயிறு உப்பி, உடல் மெலிந்து வருகிறார். ரத்தத்தில் சிஏ-125 என்ற புற்றுக்குறிப் புரதம் ஏறியிருக்கிறது. சிடி ஸ்கேனில் ஒமெண்டம் (குடலின் முன் தொங்கும் கொழுப்புத் திரை) தடித்துத் தெரிகிறது. எல்லாமே சினைப்பைப் புற்றுநோய் போலவே இருக்கும். ஆனால் உறையை மூடியிருக்கும் செல்படலமான மீசோதீலியம் எதனால் சீண்டப்பட்டாலும் சிஏ-125 ஏறும். அதை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. வயிற்று நீரில் லிம்போசைட்டுகள் மிகுந்து, ஏடிஏ (அடினோசின் டிஅமினேஸ்) என்ற நொதியின் அளவு லிட்டருக்கு 39 யூனிட்டுக்கு மேல் போனால் காசநோய்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ரத்த ஆல்புமினுக்கும் நீரின் ஆல்புமினுக்கும் உள்ள வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமுக்குக் கீழே இருப்பது காசநோய், புற்றுநோய் இரண்டிலும் வரும். அதனால் அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. நீரில் கிருமி தெரியவில்லை என்பதால் காசநோய் இல்லை என்றும் ஆகாது. லாப்ரோஸ்கோப்பியில் எடுக்கும் திசுவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒன்று 10% ஃபார்மலினில், மற்றொன்று சலைனில் கிருமி வளர்ப்புக்கு. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை. வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு பட்டணத்தில் எடுத்த வயிற்று நீர் ஈப்போ ஆய்வுக்கூடம் போய்ச் சேர நேரமாகும். அதுவரை குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் வைக்கலாம். உறைய விட்டால் செல்கள் வெடித்துப் போகும். ஒரு சின்னக் குப்பி நீர் போதாது, நிறைய அனுப்ப வேண்டும். அதிலிருந்து செல் பிளாக் (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்தது) செய்தால்தான், குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்களை ஒழுங்காகப் போட முடியும்.

இனி, எச்&இ (ஹீமாடாக்சிலின்-ஈயோசின்) என்ற வழக்கமான சாயம் போட்ட சிலைடு. மார்க்கர் (செல் வகையைக் காட்டும் புரதம்) பட்டியலை மனப்பாடம் செய்கிற பலர் இதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். அழற்சியால் பெருகிய மீசோதீலியமும் பயமுறுத்தும்: பெரிய நியூக்ளியஸ், மைட்டோசிஸ் (செல் பிரிவு), சிறு பாப்பில்லாக்கள் (விரல் போன்ற நீட்சிகள்), எல்லாம் இருக்கும். குடலிறக்கப் பைகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஆனால் அங்கே செல் நெருக்கம் மேற்பரப்பில்தான் அதிகம். ஆழம் போகப் போகக் குறையும். சிறு ரத்தக் குழாய்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக எழும்பி நிற்கும். நாரில் சிக்கிய மீசோதீலியச் செல்கள் மேற்பரப்புக்கு இணையாக வரிசை கட்டும். கெரட்டின் சாயம் போட்டால் இது பளிச்சென்று தெரியும். அந்த வரிசை கலைந்து, கெரட்டின் ஏறிய செல்கள் கொழுப்புக்குள் இறங்கியிருந்தால் அது ஊடுருவல். அதைக் காட்டினால் மீசோதீலியோமா என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஊடுருவல் தெளிவாக இல்லாத துண்டில் பிஏபி1, எம்டாப் என்ற இரு புரதங்களுக்கான சாயங்கள் கை கொடுக்கும். பிஏபி1 நியூக்ளியஸில் இல்லாமல் போயிருந்தாலும், எம்டாப் சைட்டோபிளாசத்தில் இல்லாமல் போயிருந்தாலும் புற்று என்பதற்கு வலுவான சான்று. ஒரே நிபந்தனை: பக்கத்திலுள்ள லிம்போசைட்டும் ரத்தக்குழாய்ச் செல்லும் சாயம் ஏற்றிருக்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் சாயம்தான் வேலை செய்யவில்லை. இரண்டும் இழக்கப்படாமல் இருப்பதால் மட்டும் புற்று இல்லை என்று எழுதிவிடவும் கூடாது.

கார்சினோமாவா (வேறு உறுப்பிலிருந்து வந்த எபிதீலியப் புற்று) மீசோதீலியோமாவா என்ற கேள்விக்கு மீசோதீலிய மார்க்கர் குறைந்தது இரண்டு, கார்சினோமா மார்க்கர் குறைந்தது இரண்டு கேளுங்கள். கால்ரெட்டினின், டி2-40 ஒரு பக்கம். கிளாடின்-4, எம்ஓசி-31 மறுபக்கம். நோயாளி பெண் என்றால் சினைப்பைப் பக்கம் கைகாட்டும் பாக்ஸ்8, ஈஆர் இரண்டையும் சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது டபிள்யூடி1-இல்தான். அது மீசோதீலியத்தில் ஏறும்; சினைப்பையின் சீரஸ் கார்சினோமாவிலும் நன்றாகவே ஏறும். அதை ஒற்றைச் சான்றாக வைத்து மீசோதீலியோமா என்று எழுதினால் விடை போச்சு. பாக்ஸ்8-ஐயும் தனியாக நம்ப முடியாது, சில மீசோதீலியக் கட்டிகளில் அதுவும் ஏறும். இந்தக் கேள்வியில் கிளாடின்-4 அளவுக்கு உதவும் சாயம் குறைவு என்பது எங்கள் கருத்து.

மற்றவை சுருக்கமாக. முன்பு அறுவை செய்த பெண்ணின் இடுப்புப் பகுதியில் பல அறை கொண்ட மீசோதீலிய நீர்க்கட்டி இருந்தால் அது லிம்பாஞ்சியோமாவோடு (நிணநீர்க்குழாய்க் கட்டி) குழம்பும்; டி2-40 இரண்டிலும் ஏறும், கால்ரெட்டினினும் கெரட்டினும்தான் பிரித்துக் காட்டும். இளைஞனின் வயிற்றில் சிறு வட்டச் செல் கூட்டங்கள், டெஸ்மின் புள்ளியாக ஏறுகிறது என்றால் டெஸ்மோபிளாஸ்டிக் கட்டியை நினைத்து ஈடபிள்யூஎஸ்ஆர்1-டபிள்யூடி1 மரபணு இணைவைத் தேடுங்கள். வயிறு நிறையச் சளிப்பொருள் என்றால் அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) முழுவதையும் மெழுகு பிளாக்கில் போட வேண்டும், கண்ணுக்கு நன்றாக இருந்தாலும்.

தேர்வில் வரும் துண்டு சில சமயம் மேற்பரப்பை மட்டும் சுரண்டியதாக இருக்கும், கொழுப்பே இருக்காது. பிஏபி1, எம்டாப் முடிவும் கையில் இல்லாதபோது மீசோதீலியோமா என்று துணியாமல், இயல்பு மாறிய மீசோதீலியப் பெருக்கம் என்று எழுதுங்கள். கொழுப்புவரை இறங்கும் ஆழமான பயாப்சி தேவை என்றும் ஸ்கேன் படங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் அடுத்த வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.