அம்மைத் தழும்பும் ஓர் அரசு ஊழியரும்

குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் அருகில் வளர்ந்த எனக்கு மிஷன் டாக்டர் என்ற சொல் புதியதல்ல. ஆனால் அப்படித் தொடங்கிய ஒருவர் அரசு ஊழியராகி, பின்னர் அறக்கட்டளைகளுக்கு வழிகாட்டியதை அண்மையில்தான் விரிவாகப் படித்தேன்.

அவர் அமெரிக்கரான வில்லியம் ஃபேகி. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை பரவியபோது, கையிருந்த தடுப்பு மருந்து எல்லோருக்கும் போதாததால், நோய் கண்டவர்களைத் தேடிப்பிடித்து அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்தும் முறையைக் கையாண்டார். பற்றாக்குறையில் பிறந்த அந்த முறையே 1970களில் இந்தியாவிலும் வீடுவீடாகத் தேடும் பெரும்பணியாக விரிந்து, 1975 மே மாதத்தோடு இங்கே நோயை முடித்துவைத்தது. (என் பாட்டியின் கையில் அம்மைத் தடுப்புக்காக அச்சு குத்திய வட்டத் தழும்புகள் கடைசிவரை இருந்தன.)

1977 முதல் 1983 வரை அவர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர். அதன்பின், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையத்திலும் கேட்ஸ் அறக்கட்டளையிலும் பணி. ஆற்றோர ஈக்கடியால் பரவிப் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கான மருந்தை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987இல் அறிவித்தபோது, அது யாருக்கு, எப்படிச் சேர வேண்டும் என்று ஆராய்ந்த நிபுணர் குழுவுக்கும் அவரே தலைவர்.

கொடையைவிட அந்தக் குழுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோர ஊர்களில், யாருக்கு என்ன தேவை என்று கேட்காமலே வந்திறங்கிய பழந்துணி மூட்டைகள் தெருவோரத்தில் மழையில் நனைந்து கிடந்ததைப் பார்த்தவன் நான்.