கருகிய வாசனை

ஒத்திகை அறை ஸ்பீக்கர் மறுபடியும் போய்விட்டது. கழற்றினால் கருகிய வாசனை, உள்ளே கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், கறுத்துக் கிடக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த '1000 வாட்ஸ்' பிஎம்பிஓ கணக்காம், ஒரு கணத்துக்கு மட்டுமான உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவான ஆர்எம்எஸ் பார்க்காமல் வாங்கியது என் புத்தி.

சரி, இந்த முறை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாட்ஸைக் கேட்கவில்லை, சென்சிடிவிட்டியைக் கேட்டேன், அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று. அது 3 டெசிபல் கூடினாலே ஆம்ப் பவரை இரட்டிப்பாக்கிய மாதிரி. கடைசியில் கல்யாண மைக் செட்காரர் ஒருவர் விற்ற பழைய 12 இன்ச் ஜோடிதான் பட்ஜெட்டுக்குள் வந்தது. மரப்பெட்டி, இரும்பு வலை. மூலையெல்லாம் அடி வாங்கியிருக்கிறது, ஆனால் சத்தம் சுத்தம். அதிர்ந்து சத்தம் எழுப்பும் கோன் போனாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டுக்கும் கீபோர்டுக்கும் மட்டும்தான் இது. டிரம்ஸுக்கு எதற்கு மைக், அவன் அடி தெருமுனை வரை கேட்கிறது. ஆம்ப் எல்லை மீறி சத்தம் உடைவதைக் காட்டும் கிளிப் லைட் எரிந்தால் வால்யூமைக் குறைக்கச் சொல்லி ஆம்ப் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கிடார்காரன் இன்னும் அதைப் படிக்கவில்லை.