செக்சம் இல்லாத சர்வர்

2025 நவம்பர் 3, திங்கள்

கைக்கு வந்திருக்கும் சர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் 14 என்ற டேட்டாபேஸ். அதில் செக்சம், அதாவது டேட்டா கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண், போடப்படவே இல்லை. இந்த ஆண்டு வந்த 18ஆம் பதிப்பில்தான் புதிய கிளஸ்டருக்கு (டேட்டாபேஸ் தொகுப்புக்கு) அது தானாக வருகிறது; அதற்கு முன்பெல்லாம் நாமே கேட்டு வாங்க வேண்டும். டேட்டா 8 கேபி அளவுள்ள பக்கங்களாகச் சேமிக்கப்படுகிறது; அதில் ஒன்றை டிஸ்க் சிதைத்துத் திருப்பிக் கொடுத்தாலும் இங்கே பல சமயம் தெரியவே தெரியாது.

சர்வரை நிறுத்திவிட்டு பிஜி_செக்சம்ஸ் என்ற கருவியை ஓட்டினால் இப்போதும் போட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் இன்று என்ன இருக்கிறதோ அதற்குத்தான் அது கணக்குப் போடும். ஏற்கெனவே கெட்டுப்போன பக்கத்துக்கும் 'சரி' என்று முத்திரை விழுந்துவிடும். அதனால் முதலில் சோதனை.

நவம்பர் 5, புதன்

டேட்டாவை நகலெடுத்து வைக்கும் பிஜி_டம்ப் முழுசாக ஓடி முடிந்தது. அதில் நிம்மதி அடைய முடியாது. அது டேபிளைத்தான் படிக்கும், வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸைச் சரிபார்க்காது.

அடுத்து, டேபிளும் இண்டெக்ஸும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிஜி_ஆம்செக். டேபிளில் உள்ள ஒவ்வொரு வரியும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். வாடிக்கையாளர் மின்னஞ்சல் இண்டெக்ஸில் மாட்டியது: உள்ளே வரிசை குலைந்திருக்கிறது. நடுவில் ஹைஃபன் உள்ள ஒரு முகவரியை எடுத்துத் தேடினேன். இண்டெக்ஸ் வழியாக ஒரு வரி வந்தது. இண்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுவதையும் தேடச் சொன்னால் இரண்டு! இத்தனைக்கும் அது ஒரே முகவரி இரண்டு முறை வர விடாத யூனிக் இண்டெக்ஸ்.

டிஸ்க் மேல் பழி இல்லை. டேட்டா ஃபோல்டரை டெபியன் லினக்ஸ் 9இலிருந்து 12க்கு அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம்) எழுத்துகளை அடுக்கும் முறையையே மாற்றியது. முன்பு '11'க்குப் பின்னால் வந்த '1-1' இப்போது முன்னால் வரும். இண்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசைப்படி நடப்பதால் சில வரிகள் கண்ணில் படுவதில்லை. பைட் ஒன்றுகூடக் கெடவில்லை என்பதால் செக்சம் இருந்திருந்தாலும் இது சிக்கியிருக்காது. செக்சம், ஆம்செக் என்று இரண்டு சோதனையும் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

நவம்பர் 8, சனி

இரட்டை வரிகளை ஆர்டர் விவரத்தோடு ஒப்பிட்டு ஒன்றாக்கினோம். அதை முடிக்காமல் யூனிக் இண்டெக்ஸை மறுபடி கட்ட முடியாது. அப்புறம் எழுத்து சார்ந்த எல்லா இண்டெக்ஸுக்கும் ரீஇண்டெக்ஸ். ஆம்செக் மறுபடி ஓடியது, புகார் இல்லை. இரவு சர்வரை நிறுத்திச் செக்சம் போட்டாயிற்று.

நவம்பர் 11, செவ்வாய்

பிழை எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் பக்கத்தை டிஸ்கிலிருந்து படிக்கும்போதுதான் செக்சம் சரிபார்க்கப்படும். யாரும் தொடாத பழைய பில்கள் அப்படியே கிடக்கும். முழு கிளஸ்டரையும் பேக்கப் எடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் எல்லாப் பக்கங்களையும் படித்துச் சரிபார்த்துவிடும். இன்றிலிருந்து அது தினமும் இரவில் ஓடும், பிழை வந்தால் என் போனுக்குச் செய்தி வரும்.