41 நாள் என்ஐசியூ, ஒரு தொலைந்த ஸ்கேன் ரிப்போர்ட்

எங்கள் பாப்பா 30 வாரத்திலேயே, 1280 கிராமில் பிறந்துவிட்டாள்; 41 நாள் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தாள். பிரசவத்துக்கு முன் எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டது, குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பு என்று மக்னீசியம் ஏற்றியது, இரண்டு நாள் வெண்டிலேட்டர், நாலாவது வாரம் கண் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. வயிற்றெரிச்சல் மற்றதில்தான்.

முதலில் கங்காரு. குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பது ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது இருக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே சொல்லிவிட்டது. எனக்குக் கிடைத்ததோ காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. அதிலும் "ரவுண்ட்ஸ் வர்றாங்க, வெளிய இரும்மா". மூளை மடிப்பு மடிப்பாக வளர்கிற கடைசி மூன்று மாதத்தில் பெரும்பகுதி இவளுக்கு வயிற்றுக்குள் கிடைக்கவில்லை, அதில் 41 நாள் அலாரம் சத்தத்திலும் ட்யூப்லைட்டிலும்தான் கழிந்தது. நைட் ட்யூட்டி அக்கா ஒருத்தர் மட்டும் இன்குபேட்டர் மேல் துணி போர்த்தி, கதவிடுக்கில் விரலை வைத்து 'டப்' என்று சத்தம் வராமல் சாத்துவார். குதிகாலில் ஊசி குத்துவதற்கு முன் என் பாலில் இரண்டு சொட்டு நாக்கில் விடுவார். ராத்திரியில் இரண்டு மணி நேரம் கங்காருவுக்குக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான்.

அப்புறம் தலை ஸ்கேன். முதல் வாரத்தில் லேசான ரத்தக்கசிவு, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது வாரம் மறுபடி எடுத்தார்கள், ஜெல் தடவும்போது தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை! வளர்ச்சி பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் அதைத்தான் கேட்டார். மூளையின் வெள்ளைப் பகுதியில் அடிபட்டிருந்தால் முதல் வாரத்து ஸ்கேனில் தெரியாமல் போகலாம், நீர்க்கட்டியாகத் தெரிய சில வாரம் ஆகுமாம். ரெக்கார்ட் செக்‌ஷனுக்கு ஒன்றரை மணி நேர பஸ்ஸில் போனால், "அப்படி ஒண்ணும் எடுக்கலையே" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒரு பதில். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை, என் ஐபி நம்பரை (உள்நோயாளி எண்) போட்டுப் பாருங்க சார் என்று அடம்பிடித்தேன். வந்தது! குழந்தைக்குத் தனி நம்பர் இருந்தும் ஸ்கேனை அம்மா நம்பரில் ஏற்றியிருக்கிறார்கள். ரிப்போர்ட் நார்மல். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கிளம்பும் முன் சம்மரியை வரி வரியாகப் படியுங்கள், இரண்டு நம்பரையும் குறித்து வையுங்கள்.

காதும் அப்படித்தான். டிஸ்சார்ஜில் எடுத்த சாதாரண டெஸ்டில் பாஸ், ஆனால் என்ஐசியூவில் இருந்த பிள்ளைக்கு காது நரம்பு வழி மூளைத்தண்டு வரை பார்க்கும் பெரா டெஸ்டும் வேணும். பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும். இவள் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு அங்கே போய் முழித்துக்கொண்டாள், ஒரு நாள் வீண். அடுத்த முறை வழியெல்லாம் தூங்கவிடாமல் கொண்டுபோய் அங்கே பால் கொடுத்தேன், பத்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

இப்போது பக்கத்து வீட்டு அத்தைதான் பாக்கி. "ஒன்பது மாசமாச்சே, இன்னும் உட்காரலையா?" பத்து வாரம் முன்னாடியே வந்துட்டா அத்தை, கணக்குக்கு ஆறரை மாசம்தான்.