பிரபான்ஷியோ வீட்டு விருந்தாளி

தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. வெனிஸ் படையின் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோ, டெஸ்டிமோனா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை ரகசியமாகக் கட்டிக்கொள்கிறான். அவள் துரோகம் செய்கிறாள் என்று அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் இயாகோ நம்பவைக்க, அவளைக் கொன்றுவிடுகிறான். கடையில் கிடைக்கும் நோட்ஸ் எதைப் புரட்டினாலும், இது பொறாமையின் நாடகம் என்றுதான் ஆரம்பிக்கும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

முதல் காட்சியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மூன்று பேர் ஒத்தெல்லோவைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவர்கூட அவன் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த மூர்' (வட ஆப்பிரிக்கக்காரர்களை, கறுப்பர்களை அப்போது அப்படிச் சொல்வார்கள்) என்கிறார்கள், தடித்த உதட்டுக்காரன் என்கிறார்கள், கிழட்டுக் கறுப்புக் கிடா என்கிறார்கள். பெயர் முதன்முதலில் வருவது மூன்றாம் காட்சியில், வெனிஸ் ஆட்சித் தலைவர் வாயிலிருந்து. துருக்கியர் கப்பல்கள் சைப்ரஸை நோக்கி வருகின்றன, சண்டைக்கு ஆள் வேண்டும். வேலை ஆக வேண்டுமென்றால் பெயர் தானாக ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது டெஸ்டிமோனாவின் அப்பா வந்தபோதுதான். பிரபான்ஷியோ முதலிலிருந்தே ஒத்தெல்லோவை வெறுத்தவர் இல்லை. அடிக்கடி வீட்டுக்கு அழைத்துப் போர்க்கதைகளை ஆசையாகக் கேட்டவர். மகள் அவனையே கட்டிக்கொண்டாள் என்றதும், மருந்து வைத்து மயக்கிவிட்டான் என்று சபையில் போய் நிற்கிறார். அரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சோறு போடலாம் சார், பொண்ணு குடுக்க முடியாது. எங்க ஊர்லயும் அதான்" என்றான். எந்த நோட்ஸிலும் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் ஒன்றா என்பது பெரிய விவாதம். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. இந்திய அரசு கூடாது என்றது. நான் அதற்குள் போகவில்லை. இந்த மாவட்டத்தில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. சாதி மாறி நடந்த ஒரு திருமணம், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை இறந்தது, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தது. என் மாணவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். ஆனாலும் நத்தம் என்றதும் 'அது எங்க சார்' என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரபான்ஷியோவும் மகள் கல்யாணத்தை நினைத்தே செத்துப்போகிறார். ஐந்தாம் அங்கத்தில் போகிற போக்கில் அந்தச் செய்தி வரும். ஆள் போனாலும் அவர் பேச்சு போகவில்லை. அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று முதல் அங்கத்தில் அவர் சொல்லிவிட்டுப் போனதைத்தான் மூன்றாம் அங்கத்தில் இயாகோ எடுத்துக் காதில் ஓதுகிறான். கொஞ்ச நேரத்தில் ஒத்தெல்லோ, நான் கறுப்பன் என்பதாலோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறான். நாடகத்தில் எனக்கு மிகவும் பயமான இடம் அதுதான். ஊரார் ஏச்சை அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். டெஸ்டிமோனாவுக்கு எதிராக இயாகோ சாட்சியாக்கும், எல்லோரும் பெரிதாகப் பேசும் அந்தக் கைக்குட்டை கீழே விழுவதே அதற்கு அப்புறம்தான்.

முடித்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சார், பரீட்சைல பொறாமைன்னு எழுதணுமா, இதை எழுதணுமா?"

இரண்டையும் எழுதச் சொன்னேன். பேப்பர் திருத்தப் போவது நான் இல்லையே.