பெரிய குருணையும் குறைந்த மின்னோட்டமும்

நையோபியம்-வெள்ளீய மீகடத்திக் கம்பியை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது) முதன்முதலில் உலையில் வைத்தபோது எனக்கு ஒரே அவசரம். 650 டிகிரியில் ஐந்தாறு நாள் காத்துக் கிடப்பானேன், 750-இல் சட்டென்று முடித்துவிடலாம் என்று நினைத்தேன். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்துக்குள் நையோபிய இழைகளைப் பதித்ததுதான் இந்தக் கம்பி. சூடு கூடினால் வெண்கலத்தில் உள்ள வெள்ளீயம் நையோபிய இழைக்குள் வேகமாக இறங்கும், மீகடத்தியாக வேலை செய்யும் நையோபியம்-வெள்ளீயச் சேர்மமும் வேகமாக வளரும். அதுவரை சரிதான். (செம்பு கலக்காவிட்டால் இந்தச் சேர்மம் உருவாக 930 டிகிரிக்கு மேல் வேண்டும். 650-இலேயே வேலை நடப்பது செம்பின் புண்ணியம்.)

கம்பியை லேசாகக் கீறி, மடக்கி உடைத்து, முறிந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓர் இழையின் தடிமன் சில மைக்ரான்தான். நடுவில் வினைபுரியாத நையோபியம் கொஞ்சம். அதை ஒட்டி, தீக்குச்சிகளை நெருக்கி நிறுத்தியதுபோல் நீளநீளமான குருணைகள், அதாவது சேர்மத்தின் குட்டிப் படிகங்கள். அதற்கு வெளியே உருண்டைக் குருணைகள். வெண்கலத்தை நெருங்க நெருங்க இன்னும் பருமன். பல 300 நானோமீட்டரைத் தாண்டியிருந்தன. ஒவ்வொன்றும் பட்டை தீட்டிய கல்போலத் தெளிவாக இருந்ததில் எனக்குப் பெருமை வேறு!

திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில் அளந்ததும் பெருமை போய்விட்டது. மிக வலுவான காந்தப்புலத்தில் அவ்வளவு மோசமில்லை. சூடு கூடியதால் வெள்ளீயம் நன்றாகச் சேர்ந்திருந்தது, அது அங்கே கைகொடுத்தது. நடுத்தரப் புலத்தில்தான் மாறுநிலை மின்னோட்டம், அதாவது மின்தடை தலைகாட்டாமல் கம்பி தாங்கும் உச்ச மின்னோட்டம், சரிந்து கிடந்தது.

காரணம் குருணைகளின் எல்லைகள். காந்தப்புலம் மெல்லிய இழைகளாகக் கம்பிக்குள் நுழையும், இவைதான் காந்தச் சுழல்கள். இவை நகர்ந்தால் மின்தடை தலைகாட்டும். அவற்றைப் பிடித்து நிறுத்துபவை இந்த எல்லைகள்தான். வயலைச் சிறுசிறு பாத்திகளாகப் பிரித்தால் வரப்பு கூடுமே, அதே கதை. நான் என்னவென்றால் சூட்டைக் கூட்டிக் குருணைகளைப் பெரிதாக்கி, வரப்பையெல்லாம் வெட்டிவிட்டு, பாத்தி அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த துண்டை 650-இல் 150 மணி நேரம் வைத்தேன். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளையும் இந்த முறை உலைச் சுவரில் விடாமல் கம்பிக்குப் பக்கத்திலேயே கட்டினேன். அப்புறம் உடைத்து, பழைய உருப்பெருக்கத்திலேயே பார்த்தபோது திரையில் மணல்போல ஏதோ மங்கலாகத் தெரிந்தது. குவியம்தான் சரியில்லை என்று வெகுநேரம் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கிய பிறகுதான் குருணைகள் தெரிந்தன, 150 நானோமீட்டருக்கும் குறைவாக.